மாகாண சபையிலிருந்து 1983க்கு: கொழும்பில் தமிழ்மொழி மூல வரலாற்று ஆசிரியர் பயிற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பிக்கும் எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்: "மிஸ், 83இல் என்ன நடந்தது?" 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைப் பற்றிய கேள்வி அது. தரம் 11இல் அரசியல் யாப்புகளைப் படிக்கும்போதோ, ஜூலை மாதத்துப் பத்திரிகையில் எதையாவது பார்த்துவிட்டோ ஒரு பிள்ளை கேட்கும். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அது சோதனைக்கு வராது, மகன். பிறகு பார்ப்போம்." அந்தப் பிறகு வருவதே இல்லை.

அந்தப் பதிலை மாற்ற முயன்ற ஓர் ஆசிரியர் பயிற்சியைப் பற்றியது இந்த ஆய்வு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள மண்டபத்தில், பாடசாலை விடுமுறையின்போது அது நடந்தது. நடத்தியவர்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழுவினர். ஆசிரியர் கல்வித் துறையில் இருப்பவன் என்பதால் என்னை அவதானிக்க அழைத்திருந்தார்கள். அடுத்த தவணையில் சில வகுப்பறைகளுக்கும் போனேன். எவரையும் எந்தப் பாடசாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கொழும்பின் தமிழ்மொழி மூல ஆசிரியர் வட்டம் மிகச் சிறியது. ஊரும் பாடமும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்திருந்த ஆசிரியர்களுக்கு வரலாறு தெரிந்திருந்தது. அக்கறையும் இருந்தது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து "இதை ஏன் படிப்பித்தீர்கள்?" என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட ஒரு வரி அவர்களிடம் இருக்கவில்லை. பயிற்சி அந்த வரியைத் தேடத் தொடங்கிய பிறகுதான் வேலை நடந்தது.

பாடத்தின் பின்னணி

1972இன் கல்விச் சீர்திருத்தம் வரலாற்றைத் தனிப் பாடமாக விடாமல் சமூகக் கல்விக்குள் சேர்த்தது. 2007இல் அது மீண்டும் தனிப் பாடமானது. இன்று தரம் 6 முதல் 11 வரை எல்லோரும் படிக்க வேண்டும், க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாயமாக எழுதவும் வேண்டும். 2025இல் புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபோது வரலாறு கட்டாய பாடமாகவே நீடிக்குமா என்பது பெரும் வாதமாக வெடித்தது. பாடம் இருக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் எத்தனை பேர் அந்தப் பாடநூலைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கலைத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. நூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. அநுராதபுரமும் பொலநறுவையும் விரிவாக வரும். ஆங்கிலேயர் ஆட்சியும் வரும். சுதந்திரத்துக்குப் பிந்திய பகுதி 1972, 1978 யாப்புகளைச் சுற்றியே நடக்கிறது. கொழும்புப் பிள்ளை தினமும் பஸ்ஸில் கடந்து போகும் தெருக்களில் நடந்ததைப் பற்றி அது அநேகமாக மௌனம்.

யார் வந்திருந்தார்கள்

தமிழ்மொழி மூலம் என்றால் ஒரே மாதிரியான ஆட்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். மண்டபத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தவர்கள் ஒரு பக்கம். கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் இன்னொரு பக்கம். தோட்டத்துப் பாடசாலையில் தொடங்கி, கல்வியியற் கல்லூரி முடித்துக் கொழும்புக்கு வந்த இளம் ஆசிரியர்கள். மருதானை, தெமட்டகொடைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளிலிருந்து வந்த ஆசிரியைகள். அவர்களுடைய மாணவர்களும் இதே தமிழ்ப் பாடநூலைத்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் 1983க்குப் பிறகு பிறந்தவர்கள். "உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்" என்று முதல் அமர்வில் கேட்டபோது, அவர்கள் பகிர்ந்தவை அம்மா சொன்னவை, பெரியப்பா சொல்லாமல் விட்டவை. நேரில் கண்டவர் ஒருவர் மட்டும் இருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆசிரியர் அவர். தேநீர் வேளைவரை வாயே திறக்கவில்லை.

விரிவுரையும் ஒரு கேள்வியும்

பயிற்சி பழைய தடத்திலேயே தொடங்கியது. வளவாளர் ஒருவர் 1948 குடியுரிமைச் சட்டம், 1956 அரச கரும மொழிச் சட்டம், 1957 பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், 1958 கலவரம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1981 யாழ். நூலக எரிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தெளிவான விரிவுரைதான். ஆசிரியர்கள் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள், ஏனென்றால் குறிப்பெடுப்பது ஆசிரியர்களுக்குக் கைப்பழக்கம். பிறகு நல்லிணக்கம் பற்றி ஒரு வீடியோ. எத்தனையோ கருத்தரங்குகளில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சலித்தவர்களின் முகங்கள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ஓர் ஆசிரியை கையை உயர்த்தினார். "சேர், இதை எல்லாம் நான் படிப்பிக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாடப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது?"

சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. வளவாளர் "அது நிர்வாகப் பிரச்சினை, பிறகு பேசலாம்" என்று கடந்து போகப் பார்த்தார். மண்டபம் விடவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அதிபர் கேட்டால்? பெற்றோர் முறையிட்டால்? பிள்ளை போனில் பதிவுசெய்து பேஸ்புக்கில் போட்டுவிட்டால்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரை யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தார். வகுப்பில் வரலாறு சொன்னதற்காக அந்தச் சட்டத்தில் பிடிபட்ட எவரையும் அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. பயத்துக்கு உதாரணம் தேவைப்படவும் இல்லை.

ஏற்பாட்டாளர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது. பிற்பகலுக்குத் திட்டமிட்டிருந்த குழுப் பாட்டையும் சுவரொட்டி வரைதலையும் அப்படியே கைவிட்டார்கள். ஆசிரியர் வழிகாட்டிகளை மேசையில் அடுக்கி, "இங்கே எந்த வரி நமக்கு இடம் தருகிறது என்று தேடுவோம்" என்றார்கள்.

வரியைத் தேடுதல்

முதலில் கிடைத்தது எல்லோர் கையிலும் இருந்து எவரும் வாசிக்காத பக்கம். வழிகாட்டியின் முகப்பில் அச்சாகும் தேசியக் கல்விக் குறிக்கோள்கள். மனித மாண்பை மதித்தல், பன்மைச் சமூகத்தை விளங்கிக்கொள்ளல், தேசிய ஒருமைப்பாடு ஆகியவை அங்கே முதல் வரிசையில் நிற்கின்றன. கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்ட, சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையும் மேசைக்கு வந்தது. ஆனாலும் குறிக்கோள் என்பது எதற்கும் பொருந்தும் சட்டை. அதிபருக்குக் காட்டப் பாடத்துக்குள் ஓர் இடம் வேண்டும்.

அதைக் கண்டுபிடித்தது குடியியற் கல்வியும் சேர்த்துக் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியர். மலையகத்துக்காரர். குடியியலில் அதிகாரப் பரவலாக்கம் ஒரு பாடம். மாகாண சபைகள் அதில் வருகின்றன. மாகாண சபை அரசியல் யாப்பின் 13ஆம் திருத்தத்தால் வந்தது. 13ஆம் திருத்தம் 1987 ஜூலை 29இல் ஒப்பமிடப்பட்ட இந்திய–இலங்கை உடன்படிக்கையின் விளைவு. "அந்த உடன்படிக்கை ஏன் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், 83ஐச் சொல்லாமல் என்ன சொல்வீர்கள் சேர்?" என்று வளவாளரைப் பார்த்துக் கேட்டார்.

காலவரிசையில் முன்னோக்கிப் போனால் யாப்புடன் பாதை முடிந்துவிடுகிறது. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடந்தால் கலைத்திட்டமே கையைப் பிடித்துக் கூட்டிச் செல்கிறது. காரண காரியத் தொடர்பை விளக்குவது வரலாற்றுப் பாடத்தின் ஒப்புக்கொள்ளப்பட்ட திறன் என்பதால் பதிவேட்டிலும் எழுதலாம். 1978 யாப்பின் திருத்தங்கள் என்று எடுத்தால், பிரிவினையை ஆதரிப்பதைத் தடைசெய்த 6ஆம் திருத்தம் 1983 ஓகஸ்ட்டில் வந்தது. அதற்கு முந்திய மாதம் என்ன நடந்தது என்ற கேள்வி தானாகவே வரும்.

என்ன ஆவணத்தைக் காட்டுவது என்பதற்கும் அதே தர்க்கம் உதவியது. 1981 முதல் 1984 வரையான இனவன்முறையை விசாரிக்க 2001இல் ஜனாதிபதி உண்மை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. முன்னாள் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையில் அது 2002இல் அறிக்கை தந்தது. 2004 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அந்த வன்முறைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். "அரசே நியமித்த ஆணைக்குழு. இதை வாசித்ததற்கு என்னை யார் என்ன கேட்க முடியும்?" என்று பதிவேட்டுக் கேள்வி கேட்ட ஆசிரியையே சொன்னார்.

மூன்று நிரல் தாள்

அடுத்த நாள் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். நீளவாக்கில் மூன்று நிரல்கள், நடு நிரல் வெறுமை. இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பலஸ்தீனரான சமி அத்வானும் இஸ்ரேலியரான டான் பார்-ஒன்னும் இரு தரப்பு ஆசிரியர்களையும் சேர்த்து உருவாக்கிய பாடநூலில், ஒரு பக்கம் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறுபக்கம் பலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் மாணவர் எழுத வெற்றிடம். கொழும்பில் அதைச் சற்று மாற்றினார்கள். இடப்பக்கம் அரச ஆவணம் அல்லது உரை. வலப்பக்கம் அனுபவித்தவரின் வாக்குமூலம். நடுவில் மாணவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: இதைச் சொன்னது யார், எப்போது, யாரை நோக்கி?

முதல் தாளின் இடப்பக்கம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன 1983 ஜூலை 28இல் நாட்டுக்கு ஆற்றிய உரை பற்றியது. பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை அதில் இல்லை என்பது அன்றிலிருந்து சொல்லப்பட்டு வரும் குறை. வலப்பக்கம் ஒரு பெண்ணின் வாய்மொழி. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்தது, பின்னர் அகதி முகாம், பிறகு லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறை. ஆசிரியர்கள் நடு நிரலை நிரப்ப நீண்ட நேரம் எடுத்தார்கள். மற்றவர் எழுதிய தாளைத் திருத்திப் பழகியவர்களுக்குத் தாமே எழுதுவது சிரமம்.

பொரளையில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்கப் பரவிய அந்தப் புகைப்படத்தை, ஆடை உரியப்பட்டு அமர்ந்திருக்கும் மனிதனையும் அவனைச் சுற்றி நிற்கும் இளைஞரையும் காட்டுவதை, வகுப்பில் பயன்படுத்தலாமா என்று ஒரு வாதம் வந்தது. "படத்தைக் கண்டால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்" என்றார் ஒருவர். அதுவரை பேசாதிருந்த முதிய ஆசிரியர் இப்போது பேசினார். "அவரை ஒருமுறை அவமானப்படுத்தியது போதும். நான் காட்டமாட்டேன்." பெரும்பாலோர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். நானும் அவர் பக்கமே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் படம் அதிர்ச்சியைத் தரும். அதற்கு மேல் எதையாவது யோசிக்க விடுமா என்பது சந்தேகம்.

பயிற்சியின் கடினமான கட்டம் அதன் பிறகு வந்தது. முஸ்லிம் பாடசாலை ஆசிரியை ஒருவர் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டில் 83 பேசப்படுவதில்லை. 90தான் பேசப்படும்." அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ். நகரில் சில மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது. குடும்பம் புத்தளத்தில் முகாமில் இருந்து, பிறகு கொழும்புக்கு வந்தது.

"அது வேறு விடயம், மிஸ்" என்றார் ஒருவர். குரலில் பகை இல்லை. தலைப்பு விலகிப் போகிறதே என்ற பதற்றம்தான்.

"உங்களுக்கு வேறு விடயம், சேர். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் விடயம். உங்கள் பாட்டியின் கதைக்கு வலப்பக்கத்தில் இடம் இருக்கிறது. என் அம்மாவின் கதைக்கு எந்தப் பக்கம்?"

நடத்துநர் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் போகவில்லை. அதே மூன்று கேள்விகளுடன் 1990க்கும் ஒரு தாள் தயாரிக்கலாமா என்று கேட்டு, இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 2011 அறிக்கையில் வடக்கு முஸ்லிம்களைப் பற்றிய பகுதி ஆவணமாக அமைந்தது. தாள் தயாரானது. அவர்களுக்குள் உடன்பாடு வந்ததா என்றால், இல்லை. பொறுப்பைச் சொல்லும் வாக்கியத்தில் "இயக்கம்" என்று எழுதுவதா "விடுதலைப் புலிகள்" என்று எழுதுவதா என்பதிலேயே அரை மணி நேரம் போனது.

எனக்கு இதுதான் பயிற்சியின் உரைகல். நமக்குச் செய்யப்பட்டதை ஆராய மூலாதாரம் கேட்பதும், நம்மவர் பெயரால் செய்யப்பட்டது வரும்போது "அது வேறு" என்பதும் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான பழக்கம். 1983க்கு மட்டும் ஒரு தாள் தந்து அனுப்பியிருந்தால், ஏற்கெனவே இருக்கும் மனத்தாங்கலுக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்ததாகவே முடிந்திருக்கும். மூன்றாவது தாள் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி நடந்த 1987–89 காலத் தெற்கைப் பற்றியது, எம்பிலிப்பிட்டிய பாடசாலை மாணவர்கள் காணாமல் ஆக்கப்பட்ட வழக்கை வைத்து. அந்தக் காலத்தைப் பற்றி நம் ஆசிரியர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. சீதுவைக்கு அருகே, ரத்தொலுவையில் காணாமல் போனோருக்கான நினைவுச் சின்னம் இருப்பதை ஓரிருவரே அறிந்திருந்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எல்லோரும் அந்தப் பக்கத்தைக் கடந்திருப்பார்கள்.

வகுப்பறையில்

பதிவேட்டுக் கேள்வி கேட்ட ஆசிரியையின் வகுப்புக்குப் போனேன். வட கொழும்பில், தரம் 11, நாற்பது நிமிடப் பாடவேளை. வெண்பலகையின் மேல் மூலையில் தலைப்பு: "13ஆம் திருத்தத்துக்கான காரணங்கள்". பின்வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன்.

முதலில் பலகையில் கொழும்பின் பரும்படிப் படம் ஒன்றை வரைந்தார். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 1983 ஜூலை 23இல் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதையும், மறுநாள் அவர்களின் உடல்களை அடக்கம் செய்யவிருந்த கனத்தை மயானத்தையும் குறித்தார். அங்கிருந்து பொரளை. பொரளையிலிருந்து நடை தூரத்தில் வெலிக்கடைச் சிறை. 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் அங்கே கொல்லப்பட்டார்கள் என்று எழுதினார். அதற்கு மேல் வர்ணிக்கவில்லை. தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு விதி சொன்னார்: "வீட்டில் நடந்ததைச் சொல்ல விரும்பினால் சொல்லலாம். யாரையும் நான் கேட்கமாட்டேன். நீங்களும் ஒருவரையொருவர் கேட்கக் கூடாது."

முதல் கேள்வியே கூர்மையாக வந்தது. "மிஸ், பொலிஸ் எங்கே போனது?" அவர் தன் கருத்தைச் சொல்லாமல், ஆணைக்குழு அறிக்கையிலிருந்து எடுத்த பகுதிக்குப் பிள்ளைகளைத் திருப்பினார். 25ஆம் திகதி பிற்பகல்தான் ஊரடங்கு வந்தது என்பதை ஒரு மாணவியே கண்டுபிடித்து, "முதல் நாள் இரவே தொடங்கிவிட்டதே!" என்றாள்.

பிறகு எண்ணிக்கை. இறந்தவர்கள் சில நூறு என்பது அரசுக் கணக்கு. மற்ற மதிப்பீடுகள் மூவாயிரம் வரை போகின்றன. ஒரு பையன் எழுந்து, "நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா, மிஸ்?" என்றான். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் கேட்டார்: "நடுவில் இருப்பதை எண்ணியது யார்?" பையன் யோசித்தான். "ஒருவரும் இல்லை." "அப்படியென்றால்?" "யார் எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும்." மணி அடித்துவிட்டது. நடு நிரல் பலருக்குப் பாதிதான் நிரம்பியிருந்தது. வரலாற்று முறையியல் பற்றி நான் கேட்ட பல விரிவுரைகளில் கிடைக்காதது அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

போகாத இடங்கள்

எல்லாப் பாடசாலையிலும் இப்படி நடக்கவில்லை. இன்னொரு பாடசாலையில் அதிபர் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றார். ஆசிரியை கடிதம் எழுதினார், வழிகாட்டியின் பக்கத்தையும் இணைத்தார். கோப்பு மேலே போனது. தவணைப் பரீட்சை வந்து போன பிறகும் பதில் வரவில்லை. அதிபரைக் குறை சொல்வது எளிது. அனுமதி மறுத்தால் கேட்க ஆளில்லை, அனுமதித்துப் பிரச்சினை வந்தால் கேட்பவர் பலர் என்ற நிலையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அதிபர்களை முதல் நாளே அழைத்திருக்க வேண்டும்.

பரீட்சை இன்னொரு சுவர். பல்தேர்வு வினாக்களுக்கு நடு நிரல் உதவாது. டியூஷன் வகுப்பில் கடந்தகால வினாத்தாள் செய்யும் பிள்ளையும் பெற்றோரும் இதை நேர விரயமாகவே பார்ப்பார்கள். ஒரு தாய் அப்படியே சொல்லியும் விட்டார்.

பயிற்சியின் வட்ஸ்அப் குழு சில வாரங்கள் தாள்களைப் பரிமாறியது. பிறகு "இனிய காலை வணக்கம்" பூங்கொத்துகளின் கைக்குப் போய்விட்டது. பயிற்சியின் முடிவில் எல்லோரும் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களில் "மிகச் சிறப்பு" என்று இருந்தது. அதை வைத்து எதையும் அளக்க முடியாது. தாளை வகுப்பில் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தால், வகுப்புக்கு யாராவது வந்து பார்த்துப் பேசிய ஆசிரியர்களே அதிகம். ஆசிரிய ஆலோசகர்கள் அந்த வேலையைச் செய்யலாம், அவர்களுக்குப் படிவம் நிரப்புவதிலிருந்து விடுதலை கிடைத்தால்.

ஒரு பாடவேளை பிள்ளையின் மனதை மாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. வட அயர்லாந்தில் கீத் பார்ட்டனும் அலன் மக்கலியும் மாணவர்களிடம் பேசிச் செய்த ஆய்வு, அவர்கள் பாடசாலையில் கேட்டதிலிருந்தும் வீட்டில் கேட்டதிலிருந்தும் தமக்கு ஏற்றதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. இங்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பொறுக்குவதற்கு இப்போது பாடசாலையிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே கிடைப்பதில்லை.

சிங்களமொழி மூல ஆசிரியர்களுடன் கூட்டு அமர்வு ஒன்றுக்கு ஏற்பாட்டாளர்கள் முயல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அனுமதிக் கோப்பு திரும்பி வராத ஆசிரியை அதற்காகக் காத்திருக்கவில்லை. தன் பாடசாலையில் குடியியல் கற்பிக்கும் சகாவிடம் மாகாண சபைப் பாடத்துக்கான தாளைக் கொடுத்துவிட்டார். அந்தப் பாடத்துக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.